உழவர் நலம்: வரப்பு உடையும் முன்னே...

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். முக்கியமான பகுதியை அவருடைய வார்த்தையிலேயே தருகிறேன்.

"என் வீட்டுக்காரருக்கு 46 வயசு. போன மாசம் வீடு தேடி வந்த சுகாதாரப் பணியாளர் விரல்ல குத்திப் பார்த்துட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னாங்க. அங்கே வெறும் வயித்துல எடுத்ததுல 118 வந்துச்சு. ‘இன்னும் சர்க்கரை நோய் இல்ல, எல்லையில நிக்குது’ன்னு சொன்னாங்க. இவரோ, ‘வெயில்ல உழைக்கிறவனுக்குச் சுகர் எப்படிம்மா வரும்? அது மெட்ராஸ்காரன் வியாதி’ன்னு சிரிக்கிறார். எங்க மாமனாருக்குச் சர்க்கரை இருந்து, முள் குத்தின புண் ஆறாம ரெண்டு கால் விரலை எடுத்தாங்க. அதைப் பார்த்தவ நான். அடையாறுல வேலை பார்க்கிற மக, ‘அப்பா சோத்தை நிறுத்தணும்’னு தினமும் போன்ல சண்டை போடுறா. எங்க வயல்ல விளையுற அரிசியை நாங்களே சாப்பிடக் கூடாதுன்னா, பிறகு எதுக்கு விளைவிக்கணும்? இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். அதற்கு முந்தைய இதழில் எழுத இதைவிட நல்ல கடிதம் கிடைக்காது. அதனால் வழக்கமான பயிர்க் கேள்விகளுக்கு இந்த முறை ஓய்வு. சம்பாவுக்கு மேலுரம் போட்டுக் களை எடுக்கும் நேரம்தான் என்றாலும், உழவரின் உடம்பும் ஒரு பயிர்தானே!

சகோதரி, உங்கள் கேள்விக்குப் பதில் சென்னையில்தான் இருக்கிறது. உங்கள் கணவர் நினைக்கிற மாதிரி அல்ல, வேறு விதத்தில்.

தி.நகர் சொல்லும் சேதி

1996-ல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. ‘சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வு’ என்று பெயர். மருத்துவர் வி. மோகன் தலைமையிலான குழு இரண்டு குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்தது. ஒன்று, தி.நகரில் உள்ள பாரதி நகர். குறைந்த வருமானக் குடும்பங்கள் வாழும் இடம். இன்னொன்று, திருமங்கலத்தில் உள்ள ஏசியாட் காலனி. நடுத்தர வருமானக்காரர்கள் வாழும் இடம். இருபது வயது தாண்டிய 1,262 பேரை வீடு வீடாகப் போய்ப் பரிசோதித்தார்கள்.

வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தபோது, ஏசியாட் காலனியில் 100-க்கு 12.4 பேருக்குச் சர்க்கரை நோய். பாரதி நகரில் 6.5 பேருக்குத்தான். பாதிதான்! உங்கள் கணவர் அன்று இதைப் படித்திருந்தால், ‘பார்த்தியா, உழைக்கிறவனுக்கு வராது’ என்று மார் தட்டியிருப்பார்.

பத்து ஆண்டு கழித்து அதே இரண்டு இடங்களுக்கும் திரும்பப் போனார்கள். ஏசியாட் காலனியில் 12.4 என்பது 15.4 ஆகியிருந்தது. பாரதி நகரில் 6.5 என்பது 15.3 ஆகியிருந்தது. இரண்டு மடங்குக்கும் மேல். உழைப்பாளிகள் வாழும் தெருவும் வசதிக்காரர்கள் வாழும் தெருவும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன.

பத்தே ஆண்டில் பாரதி நகர் மக்களின் ரத்தமோ பரம்பரையோ மாறியிருக்க முடியாது. மாறியது வாழ்க்கை. நடந்த இடத்துக்கு வண்டி வந்தது. கையால் செய்த வேலைக்கு எந்திரம் வந்தது. வெள்ளை வெளேர் என்று தீட்டிய அரிசியும், எண்ணெய்ப் பலகாரமும், இனிப்புப் பானமும் எல்லாக் கைக்கும் எட்டும் விலையில் வந்தன. வசதிக்காரர்களுக்கு முதலில் வந்தது, மற்றவர்களுக்குப் பின்னால் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்னை முழுவதற்கும் கணக்கு இதேதான். 1989-ல் பெரியவர்களில் 100-க்கு 8.3 பேருக்கு இருந்த நோய், 2004-ல் 14.3 பேருக்கு இருந்தது.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க எடுத்த ‘இன்டியாப்’ ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் உங்கள் கணவரைப் போல எல்லையில் நிற்கிறார்கள் என்றது அது. நோய் வந்துவிட்டவர்கள் நகரத்தில் 16.4 சதவிகிதம், கிராமத்தில் 8.9 சதவிகிதம். ஆனால், எல்லையில் நிற்பவர்களின் விகிதத்தில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டிலும் ஏறத்தாழ 15 சதவிகிதம்.

இதன் பொருள் என்ன? கிராமம் இன்று பழைய பாரதி நகர் நின்ற இடத்தில் நிற்கிறது. மேல்மடையில் தண்ணீர் ஏறிவிட்டது. வரப்பு இன்னும் உடையவில்லை.

‘வெயிலில் உழைக்கிறேன்’ என்கிறார் உங்கள் கணவர். அவர் அப்பா உழைத்த உழைப்பையும் இவர் உழைக்கிற உழைப்பையும் நேர்மையாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஏர் பிடித்த இடத்தில் டிராக்டர். நாற்று நட எந்திரம். அறுக்க எந்திரம். வயலுக்குப் போக பைக். நான் எந்திரத்தைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இன்று விவசாயமே இல்லை. ஆனால், உழைப்பு குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை. சிக்கல் அங்கேதான்.

ஒரு காலனி கட்டிய பூங்கா

அதே ஆய்வில் இன்னொரு கதையும் இருக்கிறது. முதல் பரிசோதனை முடிந்ததும் மருத்துவக் குழுவினர் ஏசியாட் காலனியில் விளக்கக் கூட்டங்கள் நடத்தினார்கள். ‘நடங்கள்’ என்று சொன்னார்கள். நடக்க இடம் வேண்டுமே? காலனி மக்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, நடைபாதையோடு ஒரு பூங்காவைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள்.

முதல் கணக்கெடுப்பில், வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவிகிதம். 2004-ல் மறுபடி பார்த்தபோது 58.7 சதவிகிதம்! பத்தாண்டில் பாரதி நகரில் நோய் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியபோது, இங்கே ஏறியது நாலில் ஒரு பங்குதான். இதற்குப் பூங்கா மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், சொல்லிவிட்டுப் போவதோடு நிற்காமல், செய்ய ஓர் இடமும் இருந்தால் மக்கள் செய்கிறார்கள் என்பது மட்டும் உறுதி.

இன்று மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகர் நடேசன் பூங்கா, பெசன்ட் நகர் கடற்கரை என்று எங்கே போனாலும் விடியற்காலையில் நடக்கிற கூட்டத்தைப் பார்க்கலாம். வாசலில் அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் விற்கும் வண்டிகள். நம் வாழைத் தோப்பில் கழித்துப் போடும் தண்டுக்கு அங்கே கிராக்கி. 2023 நவம்பரில் தமிழக அரசும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்தது.

நம் ஊரில் பூங்கா கட்ட வேண்டிய அவசியம் இல்லை. வாய்க்கால் கரை இருக்கிறது, குளத்தங்கரை இருக்கிறது. பெண்கள் பயமில்லாமல் நடக்கும்படி அதில் முள் வெட்டி, ரெண்டு விளக்கு போட்டுத்தரச் சொல்லி கிராம சபையில் கேளுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை.

எல்லையிலிருந்து திரும்பி வரலாமா?

வரலாம். இதையும் சென்னையிலேயே நிரூபித்திருக்கிறார்கள்.

சீனாவின் டாச்சிங் நகரத்தில் 1986-லும், பிறகு பின்லாந்திலும் அமெரிக்காவிலும், உணவையும் உழைப்பையும் மாற்றிச் சர்க்கரை நோயைத் தடுக்க முடியுமா என்று ஆய்வுகள் நடந்தன. பின்லாந்திலும் அமெரிக்காவிலும் 58 சதவிகிதம் வரை ஆபத்து குறைந்தது. ஆனால், அங்கே உள்ளவர்கள் பருமனானவர்கள். எடை குறைந்ததால் பலன் கிடைத்தது. நம் ஆட்கள் ஒல்லியாக இருந்தும் சர்க்கரை வருகிறதே, நமக்கு இது பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது.

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ‘இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு’ அதற்கு 2006-ல் பதில் சொன்னது. எல்லையில் நிற்கும் 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாவது குழுவுக்கு உணவு, நடைப் பழக்கத்தில் மாற்றமும் தொடர்ந்த கண்காணிப்பும். மூன்றாவது குழுவுக்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காவது குழுவுக்கு இரண்டும்.

முப்பது மாதம் கழித்துப் பார்த்தார்கள். முதல் குழுவில் 100-க்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆகிவிட்டார்கள். அமெரிக்க ஆய்வில் இப்படி விட்ட குழுவில் மூன்று ஆண்டில் சுமார் 29 பேர்தான். நம் உடம்பு எல்லையைத் தாண்டுகிற வேகம் அவ்வளவு அதிகம். பழக்கத்தை மாற்றிய குழுவில் 39 பேர். மாத்திரைக் குழுவில் 40.5. இரண்டும் சேர்ந்த குழுவிலும் 39.5-தான். அதாவது, நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தன. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை.

இன்னொரு கணக்கு: ஆறேழு பேர் பழக்கத்தை மாற்றினால், அந்த இரண்டரை ஆண்டில் ஒருவர் நோயிலிருந்து தப்புகிறார். எந்தப் பயிர்ப் பாதுகாப்புக்கும் இப்படி ஒரு விளைச்சல் கிடைப்பது அரிது.

அவர்களுக்குச் சொன்னது என்ன தெரியுமா? தினம் குறைந்தது அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். சர்க்கரையைத் தவிர்த்து, தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். ஏற்கெனவே உடல் உழைப்பில் இருந்தவர்களை அதையே தொடரச் சொன்னார்கள். வேறு மந்திரம் எதுவும் இல்லை. கைப்பேசியில் அடிக்கடி நினைவூட்டும் குறுஞ்செய்தி அனுப்பிக்கூட இதைச் சாதிக்கலாம் என்று அதே குழு 2013-ல் காட்டியது. இரண்டு ஆண்டில், செய்தி வராத ஆண்களில் 27 சதவிகிதம் பேருக்கு நோய் வந்தது; செய்தி வந்தவர்களில் 18 சதவிகிதம். உங்கள் மகள் தினமும் போனில் போடும் சண்டைக்கும் பலன் உண்டு என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்!

சோறு குற்றவாளியா?

இப்போது உங்கள் மகளோடு நான் சண்டை போட வேண்டிய இடம்.

சோறு குற்றவாளி அல்ல. தீட்டலும் அளவும்தான் குற்றவாளிகள். சாப்பிட்ட உணவு எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதற்கு ‘கிளைசெமிக் குறியீடு’ என்று ஓர் அளவு உண்டு. குளுக்கோஸ் 100. ஐம்பத்தைந்துக்குள் என்றால் குறைவு. எழுபதும் அதற்கு மேலும் அதிகம். சென்னை ஆய்வுக்கூடத்தில் நம் வெள்ளை அரிசிகளை அளந்தார்கள். பொன்னி 70, சோனா மசூரி 72, சுர்தி கோலம் 77. மூன்றும் மேல் மட்டம்தான்.

அடுத்த சோதனைதான் நமக்கு முக்கியம். பாபட்லா வகைப் புழுங்கல் அரிசியை எடுத்து, தவிடு நீக்காமல் ஒரு பங்கு, லேசாக 2.3 சதவிகிதம் மட்டும் தீட்டி ஒரு பங்கு, முழுக்கத் தீட்டி ஒரு பங்கு சமைத்துக் கொடுத்தார்கள். தவிடோடு இருந்தது 57.6. முழுக்கத் தீட்டியது 79.6. லேசாகத் தீட்டியதோ 73! ‘கொஞ்சம்தானே பாலிஷ் போட்டோம்’ என்கிறோமே, அந்தக் கொஞ்சத்திலேயே பெரும்பகுதி நன்மை போய்விடுகிறது.

நெல் உங்களுடையது. ஆலைக்குக் கொண்டுபோகிறவர் உங்கள் கணவர். நகரத்துக்காரருக்குக் கிடைக்காத வசதி இது. உமியை மட்டும் நீக்கும் ரப்பர் உருளை எந்திரத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். தவிடு போகாததால் எடையும் 100 கிலோ நெல்லுக்கு ஏழெட்டு கிலோ கூடும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும், வண்டும் விழும். அதனால் ஒரே முறையில் மூட்டைக்கணக்கில் அரைக்காமல், பதினைந்து நாளைக்கு ஒரு முறை அரைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவே ஊறவைத்தால் சுலபமாக வேகும்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி எல்லாம் நல்லவைதான். ஆனால், அவற்றையும் வெள்ளையாகத் தீட்டி, மலைபோல் குவித்துச் சாப்பிட்டால் பெயர் மட்டும் காப்பாற்றாது. கேழ்வரகு, கம்பு விஷயமும் அதேதான். மாவாக அரைத்துக் காய்ச்சிய கூழ் வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். மோரும் கீரையும் சேர்த்து அளவோடு குடிக்கலாம்.

தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீனில் ஏதாவது ஒன்று, மீதிக் கால் பங்கு சோறு. டெல்டாவில் சம்பா அறுவடைக்கு முன் விதைக்கிற உளுந்தையும் பச்சைப் பயறையும் முழுக்க விற்றுவிட்டு, வீட்டில் சாம்பார் தண்ணியாக வைக்கிறோம். அந்த மூட்டையில் ஒன்று வீட்டுக்கு நிற்கட்டும். கொல்லையில் ரெண்டு முருங்கை, ஒரு பாத்தி கீரை. இதுதான் நான் சொல்லும் ஊடுபயிர்.

மதிப்பெண் போட்டுப் பாருங்கள்

ரத்தம் எடுக்காமலே ஆபத்தைக் கணிக்க, சென்னை ஆய்வுகளிலிருந்து 2005-ல் உருவானது ‘இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண்’. ஓர் அளவு நாடா போதும்.

வயது: 35-க்குள் 0, 35 முதல் 49 வரை 20, 50-ம் அதற்கு மேலும் 30.

இடுப்புச் சுற்றளவு: ஆண் 90, பெண் 80 சென்டிமீட்டருக்குள் 0, ஆண் 90–99, பெண் 80–89 என்றால் 10, அதற்கு மேல் 20.

உழைப்பு: கடும் உழைப்பும் முறையான உடற்பயிற்சியும் இருந்தால் 0, ஏதாவது ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லை என்றால் 30.

பரம்பரை: பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை இல்லை என்றால் 0, ஒருவருக்கு என்றால் 10, இருவருக்கும் என்றால் 20.

கூட்டுத்தொகை 30-க்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு. 60-ம் அதற்கு மேலும் என்றால் உடனே ரத்தப் பரிசோதனை. உங்கள் கணவருக்குப் போட்டுப் பார்த்தேன். வயதுக்கு 20. இடுப்பு 38 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது 96 சென்டிமீட்டர், அதற்கு 10. உழைப்புக்கு 20. அப்பாவுக்கு இருந்ததால் 10. மொத்தம் 60. பரிசோதனை 118 காட்டியதில் ஆச்சர்யம் இல்லை.

இதில் வயதையும் அப்பாவையும் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் அவர் கையில். இடுப்பில் மூன்று அங்குலம் குறைந்து, தினமும் அரை மணி நேரம் நடந்தால் மதிப்பெண் 30.

வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்று கணக்கு. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 6.5. இவற்றில் ஒன்று எல்லை தாண்டினாலும் மருத்துவர் மறுபடி சோதித்து உறுதி செய்வார். உங்கள் கணவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

மற்ற வாசகர்களின் கேள்விகள்

*"வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் சேர்த்துக்கலாமா?"*

பனையும் கரும்பும் வளர்ப்பவர்கள் என்மேல் கோபப்படக் கூடாது. கருப்பட்டியில் தாது உப்புகள் கொஞ்சம் உண்டு. ஆனால், பெரும்பங்கு சர்க்கரைதான். நலமாக இருப்பவர்களுக்கு அளவோடு சரி. எல்லையில் நிற்பவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மூன்றும் ஒன்றே.

*"எனக்கு எட்டு வருஷமாச் சர்க்கரை. நாவல் கொட்டைப் பொடியும் ஆவாரம்பூக் கஷாயமும் குடிக்கிறேன். மாத்திரையை நிறுத்திடலாமா?"*

நிறுத்தாதீர்கள். கஷாயம் குடிப்பதை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைப் பார்த்து அவர் முடிவு செய்யட்டும். சிறுவர்களுக்கு வரும் முதல் வகை நீரிழிவில் இன்சுலினை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. அது சாப்பாட்டால் வந்ததும் அல்ல. கனடாவில் 1921-ல் இன்சுலினைக் கண்டுபிடிக்கும்வரை அந்தக் குழந்தைகள் பிழைத்ததே இல்லை. நவம்பர் 14, அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பேண்டிங்கின் பிறந்தநாள்.

*"சர்க்கரை உள்ளவர் சேற்றில் இறங்கலாமா?"*

இறங்கலாம், கவனத்தோடு. நாள்பட்ட சர்க்கரையில் பாதத்து நரம்பு மரத்துப் போகும். முள் குத்தினாலும் தெரியாது. புண் வளர்ந்த பிறகுதான் வாடையிலோ வீக்கத்திலோ தெரியும். ரப்பர் பூட்ஸ் போடுங்கள். அதற்குள் கல், முள் இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். கண் தெரியாதவர்களுக்கு வீட்டில் யாராவது பார்த்துச் சொல்லட்டும். வெந்நீரைக் காலால் சோதிக்காதீர்கள். சின்னப் புண் என்றாலும் மறுநாளே மருத்துவமனை. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வயலுக்குப் போகாதீர்கள். சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம்.

சகோதரி, உங்கள் மாமனார் காலத்தில் முள் குத்திப் புண் அழுகிய பிறகுதான் நோய் தெரிந்தது. உங்கள் கணவருக்கு நோய் வருவதற்கு முன்பே, வீட்டு வாசலிலேயே தெரிந்துவிட்டது. மழைக்காலத்தில் வரப்பில் நண்டு வளை தெரிந்தால் அவர் சும்மா இருப்பாரா? மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாரே! 118 என்பது அப்படி ஒரு வளைதான். நாளைக் காலையில் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு, நீங்களும் கூடவே வயலுக்கு நடந்து போங்கள். தை அறுவடை முடிந்து எடுக்கிற பரிசோதனையில் என்ன எண் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.